புளியங்கொட்டைத் தட்டு: பாலர் வகுப்பில் நடந்து, இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு நாள் (நெல்லைப் பக்கத்துக்காரர்களின் அனுபவப் பகிர்வு)

பாளை டீச்சர்

நாலு வருசமாச்சு, இன்னும் உறுத்துது. அதான் எழுதுதேன்.

மாசி மாசம், புதுப்புளி இறங்குன சமயம். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு ஒரு ஆக்டிவிட்டி: ஓடு உடைச்ச புளியில இருந்து கொட்டையை எடுக்கணும், பத்துப் பத்தா எண்ணி வைக்கணும். தரையில பேப்பர் விரிச்சு ஆளுக்கொரு தட்டு. எல்லாம் விரலை நக்கிக்கிட்டு முகத்தைச் சுளிச்சுக்கிட்டு ஒரே கொண்டாட்டம்.

ஒரு பையன் இருந்தான். சேர்ந்து எட்டு மாசம் ஆகியும் வாயைத் திறக்கல. பேர் கூப்பிட்டா விரலை மட்டும் தூக்குவான். அன்னைக்கு அவன் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி உக்காந்தான். சுத்தி எதையோ தேடுனான். கிடைக்கலைன்னதும் எந்திரிச்சுப் போயி என் மேசையில காத்துக்குப் பறக்காம இருக்க வெச்சிருந்த கல்லை எடுத்துட்டு வந்தான். ஒரு தட்டு, ஒரு இழுப்பு. கொட்டை ஒரு பக்கம், நார் ஒரு பக்கம், சதை ஒரு பக்கம். மத்த பிள்ளைக ஒண்ணு எடுக்கதுக்குள்ள இவன் ஏழு எட்டு எடுத்துட்டான். பக்கத்துல ஒரு பொண்ணு நகத்தால நோண்டிக்கிட்டு இருந்தா. அவ மணிக்கட்டைப் பிடிச்சு, "இப்பிடி இல்ல. நரம்பைப் பிடிச்சு இழு"ன்னான்.

எட்டு மாசத்துல அவன் பேசுன முதல் பேச்சு அதுதான்.

அந்த நேரம் பாத்து கரஸ்பாண்டென்ட் ரெண்டு பெற்றோரைக் கூட்டிக்கிட்டு வகுப்பைச் சுத்திக் காட்ட வந்தாவ. தரையெல்லாம் புளி, வெள்ளைச் சட்டையெல்லாம் கறை. எனக்குப் படபடன்னு வந்துட்டு. "போதும், எந்திரி, கை கழுவு"ன்னு சொல்லி அவன் தட்டைத்தான் முதல்ல எடுத்தேன். வொர்க் ஷீட் குடுத்தேன். பத்து புளியங்கொட்டை படம், கலர் அடிக்கணும். கோட்டைத் தாண்டாம அடிச்சுக் குடுத்தான். வருசம் முடியுத வரைக்கும் வேற பேச்சு இல்ல.

அவங்கம்மா கூலிக்குப் புளி தட்டுதவங்கன்னு அன்னைக்குச் சாயந்திரம்தான் எனக்குத் தெரியும்.

உங்க வகுப்புல, உங்க பிள்ளைகிட்ட இப்பிடி ஏதும் நடந்திருந்தா எழுதுங்க.

சேரன்மகாதேவி பக்கம், அங்கன்வாடிப் பணியாளர்

டீச்சர், வாசிச்சதும் கண்ணு கலங்கிட்டு. நான் சொல்லுதது வெள்ளத்துக்கு அப்புறம் நடந்தது.

2023 டிசம்பர் 17, 18 எல்லாருக்கும் தெரியும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுன மழை. எங்க மையத்துக்குள்ள இடுப்பளவு தண்ணி. சுவத்துல ஒட்டுன படம், பாய், அம்பாசமுத்திரத்து மரச்செப்புப் பெட்டி எல்லாம் போயிட்டு. சகதியை வாரும்போது ஒரு குட்டி ஆட்டுரலும் ஒரு குடமும் மட்டும் கிடைச்சுது. அரக்குச் சாயம் கூட போகல.

திறந்த முதல் வாரத்துல இருந்தே பிள்ளையளுக்கு ஒரே விளையாட்டு. கட்டையை அடுக்கி வீடு கட்ட வேண்டியது, போணியில தண்ணி கொண்டாந்து ஊத்த வேண்டியது. நாலு வயசுப் பொண்ணு ஒருத்தி அந்த ஆட்டுரலைத் தூக்கி முக்காலி மேல வெச்சு, "ஆச்சி மேல ஏறு. ஏறு ஆச்சி"ம்பா. குரல் அப்படியே பெரிய ஆள் குரல். தினமும் இதே.

ஆயாம்மா, "நிறுத்து தாயி, பிள்ளையளுக்குப் பயம் கூடிரும்"னாவ. நான் நிறுத்தல. பாட்டு சொல்லிக் குடுக்கணும், உருவம் வண்ணம் சொல்லிக் குடுக்கணும், எல்லாம் ரெண்டு வாரம் தள்ளிப் போச்சு. அவ தண்ணி ஊத்தி முடிச்சதும் நானும் சேர்ந்து தரையைத் துடைப்பேன், அவ்வளவுதான்.

அந்த ராத்திரி அவ ஆச்சி எங்க இருந்தாவன்னு நான் இன்னைய வரைக்கும் கேக்கல.

வண்ணார்பேட்டை அப்பா

பாளை டீச்சர், உங்க வருத்தம் புரியுது. ஆனா ஒரு அப்பாவா நான் மாத்திச் சொல்லணும். புளி, மண்ணு, தண்ணின்னு ரெண்டு வருசம் ஓட்டிட்டு ஒண்ணாம் வகுப்புக்கு அனுப்பும்போது அங்க யாரும் "உன் பிள்ளை புளி நல்லா தட்டுமா"ன்னு கேக்கப் போறதில்ல. அங்கன்வாடியில சோறு போடுவாங்க, பாத்துக்குவாங்க, சரி. நாங்க ஃபீஸ் கட்டுறது எழுத்துக்கு.

என் பொண்ணு போன பள்ளிக்கூடத்துலயும் நோட்டே கிடையாது. மணல் தட்டுல விரலால எழுதுவாங்க. சாயந்திரம் வந்தா பாக்கெட்டெல்லாம் மணல். ஒண்ணாம் வகுப்புக்கு வேற ஒரு பள்ளியில கேட்டோம். பேப்பரும் பென்சிலும் குடுத்து 'அ' எழுதச் சொன்னாங்க. அவ பென்சிலைத் தொடவே இல்ல. மேசைக்கு அடியில அவ தொடையில கிள்ளுனேன். அழல. என்னைப் பாத்தா, அவ்வளவுதான். இடம் இல்லைன்னுட்டாங்க.

வெளிய வந்தோம். பைக் டேங்க்ல தூசி படிஞ்சு கிடந்துச்சு. நான் சாவியை எடுக்கும்போது அவ அந்தத் தூசியில விரலால 'அ' போட்டா. சுழி, வளைவு, நெட்டைக் கோடு எல்லாம் சரியா இருந்துச்சு. அதைத் துடைக்காமலே வீடு வரைக்கும் ஓட்டுனேன்.

அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. பென்சில்லயும் பழக்கியிருந்தா நான் கிள்ளியிருக்க மாட்டேன். இதைத்தான் சொல்றேன்.

சேரன்மகாதேவி பக்கம், அங்கன்வாடிப் பணியாளர்

ஐயா, உங்க பிள்ளை கதை மனசைப் பிசையுது. ஆனா "சோறு போடுவாங்க, பாத்துக்குவாங்க"ங்கிறதை மட்டும் விட முடியாது. 1975ல இந்தத் திட்டம் ஆரம்பிச்சப்பவே முன்பருவக் கல்வியும் அதுல ஒரு வேலை. காலையில பாட்டு, கதை, கட்டை, களிமண்ணுன்னு நாங்க நடத்துதது பாடம்தான். கிள்ளுனது நீங்க. மணல் தட்டு என்ன செஞ்சுது?

மேலப்பாளையம் உம்மா

என்னோடது சின்ன விசயம்தான். நோன்பு மாசம், பள்ளிவாசல்ல இருந்து கஞ்சி வந்துச்சு. பெரியவனுக்கு அகலக் கிண்ணத்துலயும் சின்னவனுக்கு உயர டம்ளர்லயும் ஊத்துனேன். சரிக்குச் சரி, ஒரே கரண்டியால மூணு மூணு. பெரியவனுக்கு அஞ்சு வயசு. "அவனுக்குத்தான் நிறைய"ன்னு ஒரே அழுகை. டம்ளர்ல இருந்து கிண்ணத்துக்கு மாத்திக் காட்டுனேன், "இப்ப சரி"ன்னான். திரும்ப டம்ளருக்கு மாத்துனேன், "இப்ப அவனுக்கு நிறைய"ன்னான்! பேராசைன்னு நினைச்சு முதுகுல ஒண்ணு போட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துல மிஸ் கலர் தண்ணி வெச்சு இதையேதான் செய்ய வெச்சிருக்காங்க. கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளையும் உயரத்தைப் பாத்துத்தான் சொல்லுச்சாம். அந்த வயசுல கண்ணுக்கு உயரம்தான் முதல்ல தெரியும், ஆறு ஏழு வயசுல தானா மாறும்னு மிஸ் சொன்னாங்க. கேட்டதுல இருந்து அந்த அடி என் கையிலயே நிக்குது.

களக்காடு டீச்சர்

விநாயகர் சதுர்த்திக்கு முந்தின நாள், குளத்துக் கரம்பை மண்ணுல பிள்ளையார் பிடிக்க விட்டேன். கண்ணுக்கு ஆளுக்கு ரெண்டு குன்றிமணி. ஒரு வாண்டு நாலு கேட்டு வாங்கி, ரெண்டை முன்னாடியும் ரெண்டைப் பிள்ளையாரோட பின்னந்தலையிலயும் பதிச்சிட்டா. "எதுக்குட்டி"ன்னேன். "பொறத்தால யாரு வாராவன்னு பாக்கணும்லா"ன்னா. பின்னாடி இருந்ததை நான் எடுத்துட்டேன், மத்த டீச்சர்மாரு சிரிப்பாவளேன்னு. அன்னைக்கு முழுக்க என்கூடப் பேசல அவ. எடுத்திருக்கக் கூடாது.

மிச்சக் குன்றிமணியை டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன், எண்ணுததுக்கு நல்லா இருக்கு. கருப்பு சிவப்பு, பிள்ளையளுக்கு உசுரு.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நாங்குநேரி

என் அனுபவம் இரண்டு வரிதான். 1950களின் கடைசியில் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதினேன். சலிக்காத மணல். விரல் நுனி தேய்ந்து எரியும், இரவு சோற்றில் கை வைக்க முடியாது. 'ஆ'வின் சுழி இன்றும் என் விரலில்தான் இருக்கிறது.

இனி, மணல் தட்டு வைப்பவர்கள் கவனிக்க. எங்கள் பக்கத்துத் தேரி மணல் பார்க்க அழகு, ஆனால் துணியில் செம்மண் கறை போகாது. ஆற்று மணல் என்றால் மாவு சலிக்கும் சல்லடையில் சலித்து, நாலு தண்ணீரில் கழுவி, நல்ல வெயிலில் காய வைத்த பிறகே தட்டில் பரப்ப வேண்டும். தட்டின் அடிப்பக்கம் கருப்பாக இருந்தால் எழுத்து பளிச்சென்று தெரியும். ஒரு விரல்கடைக்கு மேல் மணல் வேண்டாம், இடிந்து விழுந்து எழுத்து மூடிவிடும். பூனை நடமாடும் இடமானால் இரவில் மூடி வையுங்கள்.

இது வெளிநாட்டிலிருந்து வந்த மோஸ்தர் என்று யாரும் எண்ண வேண்டாம். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண்பிள்ளைகள் இல்லத்தைப் பார்த்துக்கொண்ட ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத்தான் தம் பள்ளியில் அதைப் புகுத்தினார். 1797-ல் லண்டனில் அதை அச்சிட்டார். அங்கே அதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் அடையாறுக்கு வந்து பயிற்சி கொடுத்தபோது, சொரசொரப்பான மணல்தாள் எழுத்தை விரலால் தடவச் சொன்னதும் இதே வழிதான். விரல் படித்த பிறகு பென்சில்.

வண்ணார்பேட்டை தம்பிக்கு: மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள். பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக இறுக வருடங்கள் ஆகும். உங்கள் மகள் பென்சிலைத் தொடாததில் பிடிவாதம் இல்லை. புளி கொட்டை எடுப்பது, களிமண் பிசைவது, துணி பிழிவது எல்லாம் பென்சில் பிடிக்கும் விரல்களுக்கான வேலையே. இன்னொன்று, 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி சேர்க்கைக்கு முன் பிள்ளையைச் சோதிக்கவே கூடாது. முதல் முறைக்கு 25,000 ரூபாய் வரை அபராதம். குழந்தையைக் கிள்ளுவதற்குப் பதில் அந்தப் பள்ளி மேல் புகார் எழுதியிருக்கலாம்.

களக்காடு அம்மா, உங்களுக்குத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். குன்றிமணியை உடனே அப்புறப்படுத்துங்கள். அதற்குள் இருப்பது அப்ரின் என்ற கொடிய நஞ்சு. மேல்தோல் கெட்டி என்பதால் முழுதாக விழுங்கினால் பல நேரம் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்து மென்றாலோ, மாலை கோக்க ஊசியால் துளைத்த மணி என்றாலோ உயிருக்கே ஆபத்து. வாந்தி, வயிற்றுப்போக்கு சில மணி நேரம் கழித்துக்கூடத் தொடங்கலாம். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். எண்ணுவதற்குப் புளியங்கொட்டை போதும், அதுவும் உங்கள் கண் முன்னால் மட்டும். வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே தம்பி தங்கை இருந்தால் அதையும் கொடுத்தனுப்பாதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

வண்ணார்பேட்டை அப்பா

சட்டம் எனக்கும் தெரியும் அண்ணாச்சி. புகார் எழுதிட்டு அதே பள்ளிக்கூடத்து வாசல்ல பிள்ளையை எப்படிக் கொண்டு விட? ஆனா எலும்பு விசயம் யாரும் சொன்னதில்ல. சேரன்மகாதேவி அக்கா சொன்னது சரி, கிள்ளுனது நான்.

பாளை டீச்சர்

சார், மணிக்கட்டைப் பத்தி நீங்க எழுதுனதை வாசிக்கும்போது அந்தப் பையன் கைதான் கண்ணு முன்னால வந்துச்சு. நாலு வயசுல கல்லை அப்படிப் பிடிச்சு, விரல்ல படாம அடிக்கணும்னா அவன் வீட்டுல எத்தனை நாள் அந்தக் கூடைப் பக்கத்துல உக்காந்திருப்பான்! நான் அவனுக்கு விரல் பயிற்சி பத்தலைன்னு ரிப்போர்ட் கார்டுல எழுதியிருக்கேன்.

களக்காடு டீச்சர்

நேத்து ராத்திரி பத்தரைக்கு சார் எழுதுனதை வாசிச்சேன். விடியுத வரைக்கும் கண்ணு மூடல. அஞ்சரைக்கே வாட்ச்மேன் அண்ணனை எழுப்பி, கதவைத் திறக்கச் சொல்லி, டப்பாவை எடுத்தேன். குழி தோண்டிப் புதைச்சா மழைக்கு முளைச்சிருமேன்னு அடுப்புல போட்டுட்டேன், புகை படாத தூரத்துல நின்னுக்கிட்டேன். அப்புறம் வகுப்புத் தரையை மூலை மூலையாக் கூட்டினேன். பாய்க்கு அடியில ஒண்ணு, பொம்மை அலமாரிக்குப் பின்னால ரெண்டு கிடைச்சுது.

போன வருசம் எத்தனை வாங்கினேன்னு நான் எண்ணி வைக்கல. பின்னந்தலைக் கண்ணு வெச்சாளே, அவ வீட்டுக்குப் பிள்ளையாரைக் கொண்டு போனவதான். இப்ப அவங்கம்மாவுக்குப் போன் போடுதேன். எடுக்காவளான்னு பாப்போம்.