திருப்புதல் தேர்வு மாதங்கள்: ஹாஸ்டலில் இருந்து பிளஸ் டூ எழுதியவர்கள் சொல்லுங்கள்

பாமணி ஆறு:

மகள் இந்த வருஷம் பிளஸ் டூ. உறைவிடப் பள்ளி, வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பஸ். பொங்கல் லீவு முடிந்து கொண்டுபோய் விட்டு வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன். எடுத்ததும் "திருப்புதல்ல எவ்வளவு?" என்று நான் கேட்பேன். அவள் ஒரு நம்பர் சொல்வாள். அதோடு இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. முதல் திருப்புதல் முடிந்தால் செய்முறைத் தேர்வு, அது ஓய்வதற்குள் இரண்டாம் திருப்புதல், மார்ச் பிறந்தால் பப்ளிக். நான் வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டு படித்தவள். ஹாஸ்டலில் இந்த மாதங்கள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது. இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.

முல்லைக்கொல்லை:

நான் 2019 மார்ச் செட். பிளஸ் ஒன்னுக்கும் பப்ளிக் எழுதிய முதல் செட்டும் நாங்கள்தான், 1200 போய் 600 மார்க் ஆன முதல் செட்டும் நாங்கள்தான். வீடு தலைஞாயிறு பக்கம், படித்தது கும்பகோணத்தில், ஹாஸ்டலில்.

அந்த வருஷம் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். நவம்பர் 16 விடிகாலை கஜா புயல். கும்பகோணத்தில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டதோடு சரி. வீட்டுக்குப் போன் போகவில்லை, டவரெல்லாம் சாய்ந்துவிட்டது. மூன்றாம் நாள் சித்தப்பா வந்து நின்றபோதுதான் எங்கள் கூரை போனதே தெரியும். ஊருக்குப் போய் 12 நாள் இருந்தேன். மாமரம், தென்னை, முல்லைக்கொல்லை எல்லாம் படுத்துக் கிடந்தது. கரண்ட் இல்லை. திரும்பி வந்தால் அரையாண்டு. அதை எப்படி எழுதினேன் என்று இப்போதும் ஞாபகம் இல்லை.

ஆகவே ஜனவரிக்கு வரும்போதே நான் பின்தங்கித்தான் இருந்தேன். போதாததற்கு ஜனவரி 22-லிருந்து ஜாக்டோ ஜியோ (ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பு) வேலைநிறுத்தம், அது முடிய 30 ஆனது. எங்கள் பள்ளியில் பாதி ஆசிரியர்கள் வரவில்லை. (அவர்கள் கேட்டது நியாயமா இல்லையா என்று இங்கே சண்டை வேண்டாம். என் அத்தையும் டீச்சர்தான்.) அந்த நாட்களில் ஸ்டடி ஹாலில் நாங்களே ஒருவருக்கொருவர் பாடம் நடத்திக்கொண்டோம். உண்மையைச் சொன்னால், அந்த வருஷம் நான் ஒழுங்காகப் புரிந்துகொண்ட வேதியியல் அவ்வளவும் அந்த 9 நாளில் ஒரு மன்னார்குடிப் பெண் சொல்லிக்கொடுத்ததுதான்.

செய்முறைத் தேர்வைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் "அது மார்க் போட்டுடுவாங்க" என்று தள்ளிவிடுவார்கள். எங்களுக்கு வேதியியலில் பருமனறி பகுப்பாய்வில், அதாவது ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் அளவைக் கண்டுபிடிப்பதில், மோர் உப்பு (Mohr's salt என்ற இரும்பு உப்பு) வரும். பெயரைக் கேட்டதிலிருந்தே ஹாஸ்டலில் கிண்டல். சாப்பாட்டில் மோர் ஊற்ற வரும் அக்காவிடம் "உப்பு போட்டாச்சாக்கா? நார்மாலிட்டி எவ்வளவு?" என்போம் (கரைசலின் செறிவுக்கு லேபில் அதுதான் பெயர்). ஆனால் லேபில் பியூரெட்டில் (அடியில் திருகு வைத்த அளவுக் குழாய்) பெர்மாங்கனேட்டை ஊற்றிவிட்டு நின்றபோது சிரிப்பு வரவில்லை. அது அடர் ஊதாவாக இருக்கும், அதனால் மற்றக் கரைசல் மாதிரி கீழ்ப்பிறையை (குழிந்து நிற்கும் மட்டத்தின் அடிப்பகுதியை) பார்க்கக்கூடாது, மேல் விளிம்பைப் பார்த்துத்தான் அளவெடுக்க வேண்டும். குடுவையில் விழும் ஒவ்வொரு சொட்டும் வந்த வேகத்தில் நிறம் இழந்துவிடும். ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எதுவும் நடக்காத மாதிரியே இருக்கும், கை வலிக்கும், திருகைக் கொஞ்சம் கூடத் திறக்கத் தோன்றும். அங்கேதான் விழுவோம். ஒரு சொட்டில் நிற்க வேண்டிய வெளிர் இளஞ்சிவப்பு, பீட்ரூட் சாறாகிவிடும். மாடல் பிராக்டிகலில் மூன்று தடவையும் பீட்ரூட். லேப் அக்கா பின்னால் வந்து, "ஒரு சொட்டுதாம்மா வித்தியாசம். அவசரப்பட்டா முதல்லேருந்து வரணும்" என்றார். வேறு எதற்கும் சொல்லவில்லை, சொட்டுக்குத்தான் சொன்னார். பரீட்சையில் இரண்டு ரீடிங் ஒத்துவந்தது.

நான் எப்படிச் சமாளித்தேன் என்றால், சிலதை விட்டேன். சனி, ஞாயிறு நீட் வகுப்பு இருந்தது. டாக்டருக்குப் படிக்கும் ஆசை எனக்கு இல்லை. எல்லோரும் போகிறார்கள் என்று நானும் போய்க்கொண்டிருந்தேன். நிறுத்துகிறேன் என்றதற்கு அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்கள். அப்பா திருத்துறைப்பூண்டி வந்து, மன்னார்குடியில் பஸ் மாறி, மத்தியானம் 2 மணிக்கு வந்து சேர்ந்தார். வீட்டில் இன்னும் தார்ப்பாய்தான். தலைமையாசிரியை என்னென்னவோ எடுத்துச் சொன்னார். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாப்பாவுக்குத் தெரியும்மா" என்றார். அவ்வளவுதான் அவர் அன்றைக்குப் பேசியதே. வெளியே வந்து எனக்கு ஒரு பொட்டலம் பக்கோடா வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ் ஏறிவிட்டார்.

இன்னொன்றையும் விடப் பார்த்தேன், முடியவில்லை. காலை 4.30 ஸ்டடி. பெல் அடிப்பார்கள், சுக்குக் காப்பி தருவார்கள், கொசுவர்த்திப் புகையில் தாவரவியல் புத்தகத்தின் ஒரே பக்கத்தை ஒரு வாரம் திறந்து வைத்திருப்பேன். அந்த நேரத்தில் படித்தது ஒரு வரிகூட நிற்கவில்லை. அதற்குப் பதில் ராத்திரி 10 மணிக்கே படுக்க ஆரம்பித்தேன், திட்டு வாங்கிக்கொண்டு. 4.30 ஸ்டடியை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களைப் பார்க்க வேண்டும் என்று இன்னும் இருக்கிறது.

ஏப்ரல் 18 ஓட்டு, 19 ரிசல்ட். அப்பா நம்பருக்குத்தான் எஸ்.எம்.எஸ். வந்தது. எழுத்து பொடியாக இருக்கிறது என்று போனை என்னிடம் நீட்டினார், விரலில் முந்தின நாள் மை. 431.

பழைய செட் 94:

எங்கள் காலத்தில் நீட்டும் இல்லை, எஸ்.எம்.எஸ்ஸும் இல்லை. தொல்லை வேறு. தஞ்சாவூரில் ஹாஸ்டல், வீடு பாபநாசம் பக்கம். ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள் என்பது எங்களுக்கு வாய்ப்பாடு மாதிரி. மூடும் சமயம் சம்பா அறுப்பு, அதே சமயம் திருப்புதல். அறுப்பெல்லாம் கையால்தான் அப்போது. ஆள் கிடைக்கவில்லை என்று அண்ணன் கடிதம் போட்டிருந்தான். "மாமா தவறிவிட்டார்" என்று வார்டனிடம் சொல்லிவிட்டு மூன்று நாள் கிளம்பினேன். (மாமா 2011 வரை நன்றாக இருந்தார்.)

திரும்பி வந்து நோட்டில் கையெழுத்துப் போடும்போது சார் என் இடது கையைப் பார்த்தார். சுண்டுவிரலில் அரிவாள் வெட்டு, முழங்கை வரை வைக்கோல் கீறல். "மாமாவை எங்க அடக்கம் பண்ணீங்க, வயல்லயா?" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அடிக்கவில்லை. "நெல்லுக்குப் போனவன் அரிசியில கல்லு பொறுக்கு" என்று ஒரு வாரம் சமையல்கட்டில் முறத்தோடு உட்கார வைத்தார். அங்கேயே இயற்பியல் புத்தகத்தையும் வைத்துக்கொண்டேன். சமையல்கட்டு வெளிச்சமாக இருக்கும், யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். தண்டனை முடிந்த பிறகும் நான் எழுந்து வரவில்லை.

வார்டன் டீச்சர்:

முல்லைக்கொல்லை, 4.30 ஸ்டடியைக் கண்டுபிடிச்சவங்களைப் பார்க்கணும்னீங்க. உங்க ஹாஸ்டல் இல்ல, ஆனா 11 வருஷம் அந்தப் பெல்லை நானும் அடிச்சிருக்கேன். ஒரு ரகசியம் சொல்றேன், யாரும் படிப்பாங்கன்னு நாங்க நம்பி அடிச்சதில்ல.

எங்க ஹாஸ்டல்ல 130 பிள்ளைங்க, 9 பாத்ரூம். கணக்குப் போடுங்க, ஒரு பாத்ரூமுக்கு 14, 15 பேர். ஆளுக்கு 10 நிமிஷம்னாலே ரெண்டே கால் மணி நேரத்துக்கு மேல ஆகுது. அதுல தலைக்குக் குளிக்கிறவங்க, உள்ள போய் அழறவங்க, துணி துவைக்கிறவங்க வேற. அஞ்சு மணிக்கு முதல் ஆள் உள்ள போனாத்தான் ஏழரைக்குக் கடைசி ஆள் வெளிய வரும். எல்லாரையும் ஆறு மணிக்கு எழுப்பினா வாளியோட சண்டைதான், டேங்க்ல தண்ணியும் இருக்காது. அதனால எழுப்பி உட்கார வெச்சுட்டு, பத்து பத்து பேரா அனுப்புவோம். அதுக்குப் பேர் ஸ்டடி. பெத்தவங்க கேட்டா "4.30-க்கே படிக்கிறாங்க"ன்னு சொல்லிக்கலாம், கேட்க நல்லா இருக்கும்.

பாமணி ஆறு, உங்களுக்கு ஒண்ணு. பிப்ரவரியில பிள்ளைங்க உடம்புக்கு வரும். பனியில தலைக்குக் குளிச்சுட்டு ஈரத்தோட உட்காருவாங்க, சளி, ஜுரம். மாதவிடாய் தள்ளிப் போகும், யார்கிட்டயும் சொல்லாது. மார்க்கை ஸ்கூல்லேருந்து நாங்களே அனுப்பிடுவோம், அதைக் கேட்கிற ரெண்டு நிமிஷத்துல இதைக் கேளுங்க. போன் வரிசையில பின்னால பத்துப் பேர் நிப்பாங்க, அதனால பிள்ளையா எடுத்துச் சொல்லாது, நீங்கதான் கேட்கணும். அப்புறம் அடுத்த தடவை வரும்போது பலகாரம் குறைச்சு, காய்ஞ்ச துண்டு ரெண்டு கூடக் கொண்டு வாங்க.

பாமணி ஆறு:

டீச்சர், நேற்று ஞாயிறு. திருப்புதல் பற்றிக் கேட்கவில்லை. குளிக்க எத்தனையாவதாகப் போகிறாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "13-வதும்மா. உனக்கு யாரு சொன்னா?" என்றாள். பிறகு எட்டு நிமிஷம் அந்த 12 பேரைப் பற்றியே பேசினாள். துண்டு வாங்கிவிட்டேன்.