சீலிங்கில் நீர்க்கறை: பெயிண்ட் அடிப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: மடிப்பாக்கத்திலிருந்து ஓர் இல்லத்தரசி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு கட்டி 22 ஆண்டுகள் ஆகின்றன; நாங்கள் குடியிருக்கும் தளத்துக்கு மேலே மொட்டை மாடிதான். ஐப்பசி மழையின்போது கூடத்துச் சீலிங்கில், மின்விசிறிக் கொக்கியை ஒட்டி, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பழுப்புக் கறை தோன்றியது. கார்த்திகை மழைக்குப் பின் அது முறம் அளவுக்கு விரிந்துவிட்டது. நடுவில் வெளிர்மஞ்சளாகவும் விளிம்பில் தேயிலைச் சாயம்போல அடர்ந்தும் இருக்கிறது. விரலால் தடவினால் உப்பு மாவாக உதிர்கிறது.

தை மாதத்தில் மகளின் நிச்சயதார்த்தத்தை வீட்டிலேயே வைத்திருப்பதால், அதற்குள் வீடு முழுவதும் பெயிண்ட் அடித்துவிட வேண்டும் என்று நினைக்கிறோம். இரண்டு கை பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தால் கறை மறைந்துவிடும் என்கிறார் பெயிண்டர். மூன்று ஆண்டுகளுக்கு முன்பும் இதே இடத்தில் அப்படித்தான் செய்தோம். மூன்றே வாரத்தில் கறை மீண்டும் தெரிந்தது. இம்முறை சரியான வழி எது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்

அம்மா, முதலில் அந்த மின்விசிறியின் இணைப்பை மெயின் போர்டில் அணைத்துவிடுங்கள். தளத்துக்குள் புதைத்திருக்கும் மின்குழாய் வழியாகத் தண்ணீர் வெகுதூரம் ஓடிவந்து கொக்கிப் பெட்டியில் இறங்குவது மிகச் சாதாரணமாக நடப்பது. ஆகவே கறைக்கு நேர் மேலே மட்டும் தேடாதீர்கள். கசிவு பத்தடி தள்ளிக்கூட இருக்கலாம்.

மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்த ஓடுகளின் இடுக்குகள், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய் ஆகிய மூன்று இடங்களைத்தான் நான் எப்போதும் முதலில் பார்ப்பேன். குழாய் வாயில் இலைகள் அடைத்து ஒரு நாள் தண்ணீர் தேங்கினாலே போதும், வழி கிடைத்த இடத்தில் இறங்கிவிடும். தண்ணீர் ஓட, பத்தடிக்கு இரண்டு அங்குலமாவது சரிவு இருக்க வேண்டும்.

கறை படிந்த இடத்தைச் சுத்தியலின் மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பொள்ளலாக ஒலித்தால் பூச்சு தளத்தை விட்டுப் பிரிந்திருக்கிறது. அதைக் கொத்தி எடுத்தே ஆக வேண்டும். கறை வட்டமாக இல்லாமல் நேர்கோடாகச் செம்பழுப்பில் ஓடினாலோ, கோட்டோடு விரிசல் தெரிந்தாலோ, உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். துருவாக மாறும்போது இரும்பின் பருமன் பல மடங்கு பெருகிக் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். அந்த நிலையை ஒரு பொறியாளர் நேரில் வந்து பார்க்காமல் பெயிண்டரிடம் விடக்கூடாது. கீழே ஆட்கள் உட்காரும் கூடம் அது.

கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதியும் எழுதி வையுங்கள். அடுத்த மழைக்குப் பின் கோட்டைத் தாண்டியிருந்தால் கசிவு இன்னும் நிற்கவில்லை.

பதில் 2: பெயிண்டிங் ஒப்பந்ததாரர், மதுரை

ஐயா சொன்னதற்கு மேல் என் தொழில் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். பட்டியும் எமல்ஷனும் தண்ணீரில் கரைத்துப் பூசுபவை. கறையிலுள்ள பழுப்பும் தண்ணீரில் கரைவது. ஈரப்பூச்சு பட்டவுடன் அது கரைந்து மேலே ஏறி, காயும்போது புதுப் பெயிண்டின் மேற்பரப்பிலேயே தங்கிவிடும். மூன்றே வாரத்தில் கறை திரும்பியதற்கு இது ஒரு காரணம். மேலே கசிவை அடைக்காமல் விட்டது இன்னொரு காரணம்.

கசிவை அடைத்து, தளம் நன்றாகக் காய்ந்த பிறகு, பொரிந்த பெயிண்டையும் பழைய பட்டியையும் கெட்டியான பரப்பு வரும்வரை சுரண்டி எடுக்க வேண்டும். உப்பை உலர்ந்த தூரிகையால் தேய்த்து உதறுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மீண்டும் உள்ளே போகும். பிறகு டர்பன்டைன் கலந்து அடிக்கும் ஆயில் பிரைமரைக் கறைக்கு வெளியேயும் அரையடி வரும்படி ஒரு கை அடித்து, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். பழுப்பு எட்டிப் பார்த்தால் இன்னொரு கை. அதன் பிறகுதான் பட்டியும் எமல்ஷனும். கறை இருந்த இடத்துக்கு மட்டும் அடித்தால் திட்டாகத் தெரியும் என்பதால் சீலிங் முழுவதற்கும் அடிக்க வேண்டும்.

ஈரத்தின் மேல் ஆயில் பிரைமர் அடித்தால் அது கொப்பளித்து உரிந்துவிடும். எனவே ஓரடிச் சதுரப் பாலிதீன் தாளைக் கறையின் மேல் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் அந்த இடத்தைத் தொடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மழைநீர்க் குழாய் வாய்க்குப் பக்கத்தில் கைப்பிடிச் சுவரோரம் ஒரு சாண் உயரத்துக்கு அரசங்கன்று முளைத்திருக்கிறது. அதைச் சுற்றி நான்கு ஓடுகளின் இடுக்குகள் விட்டிருக்கின்றன. பாலிதீன் தாளின் உள்பக்கத்தில் நீர் கோத்திருந்தது. தட்டிப் பார்த்ததில் ஒரு கையகலம் பொள்ளலாக ஒலிக்கிறது. விரிசலோ நேர்கோட்டுக் கறையோ இல்லை. தைக்குள் முடியுமா?

பதில் 1: ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்

மார்கழிப் பனியில் தளம் அதற்குள் காயாது, அம்மா. கன்றை மேலே வெட்டாமல் வேரோடு எடுங்கள். துண்டு வேர் தங்கினாலும் துளிர்க்கும். மழை ஓய்ந்து நாலைந்து நாள் வெயில் அடித்ததும், அந்த ஓடுகளைப் பெயர்த்து, அடியில் இளகிய ஜல்லியை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டு, நீர்க்காப்புத் திரவம் கலந்த சிமெண்ட்டால் இடுக்குகளை அடைக்கச் சொல்லுங்கள். பொள்ளலான பூச்சை இப்போதே உதிர்த்துவிடுங்கள். விசேஷத்துக்கு வருபவர்கள் தலையில் விழக்கூடாது. திறந்து கிடந்தால் தளமும் விரைவில் காயும். சுவர்களுக்கு இப்போது பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள். சீலிங்கைப் பங்குனி வெயிலுக்கு விடுங்கள். புதிதாகப் பூசும் இடமும் ஒரு மாதம் ஆறிய பிறகே பெயிண்டைத் தாங்கும்.