கத்தோலிக்கப் பங்கில் மாற்றம் கேட்கும் பொதுநிலையினர்: எது எடுபட்டது, எங்கே சிக்கியது?

கோவையிலிருந்து:

கணக்கு, திருவிழா, பெண்கள், புலம்பெயர் தொழிலாளர், குழந்தைகள் என்று எதையாவது சொல்லிப் பங்கில் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள கோயில் சமூகத்தில்) குழு சேர்ந்த பொதுநிலையினர், அதாவது குருவோ துறவியோ அல்லாதவர்கள், நடைமுறையில் கண்டதை எழுதுங்க. வீர வசனம் வேண்டாமுங்க. எந்தத் தாள், எந்தச் சட்ட எண், எத்தனை நாள் என்று இருக்கட்டும்.

நானே தொடங்கி வைக்கிறேன். முதல் சறுக்கல் குழுவின் பெயரில்தான் வருகிறது. 1983 திருச்சபைச் சட்டத்தில் 215ஆம் எண் சங்கம் சேர உரிமை தருகிறது. ஆனால் ‘கத்தோலிக்க’ என்ற சொல்லைப் பெயரில் வைக்க 216, 300 இரண்டும் அதிகாரியின் இசைவு கேட்கின்றன. ‘கத்தோலிக்க சீர்திருத்த இயக்கம்’ என்று லெட்டர்பேடு அடித்துக் கொடுத்தால், கோரிக்கையை விட்டுவிட்டுப் பெயரைப் பற்றித்தான் பதில் வரும். ‘இன்ன பங்கு மக்கள்’ என்று எழுதி, பெயர், அன்பியம் (பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு), கையெழுத்து மூன்றும் இருந்தால் போதும். கருத்தைச் சொல்லும் உரிமையை 212, பிரிவு 3 தனி ஆளுக்கே தருகிறது. சொசைட்டிப் பதிவு பணம் கையாளும்போது பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டு 1975 சட்டப்படி ஏழு பேர் வேண்டும்.

ஈரோட்டிலிருந்து:

அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கோங்க. ஒரு கடிதத்தில் ஒரே கோரிக்கைதான். பதினோரு கோரிக்கையை அடுக்கினால், அதில் சுலபமான ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு ஃபைலை மூடிவிடுவார்கள்.

எதை முதலில் கேட்பது என்பதில்தான் பல குழு தடுக்கி விழுகிறது. ‘பேரவைக்கு முடிவெடுக்கும் அதிகாரம் வேண்டும்’ என்று ஆரம்பித்தால் அன்றைக்கே தோல்வி. 536ஆம் எண்படி பங்குப் பேரவைக்கு ஆலோசனைக் குரல் மட்டுமே, அதை அமைப்பதும் ஆயரின் (பிஷப்பின்) விருப்பம். நிதிக்குழு அப்படியல்ல. 537 அதை ஒவ்வொரு பங்கிலும் கட்டாயமாக்குகிறது. அதனால் முதல் கடிதம் இவ்வளவுதான்: “நம் பங்கின் நிதிக்குழு உறுப்பினர்கள் யார், கடைசியாகக் கூடிய தேதி என்ன?” இல்லை என்று எழுதித் தருவது யாருக்கும் கஷ்டம். மக்கள் தரும் காணிக்கைக்கு மக்களிடம் கணக்குக் காட்டச் சொல்வது 1287, பிரிவு 2. எந்த வடிவில் என்பது மறைமாவட்ட விதி, அந்த விதியின் நகலை ஆயர் இல்லத்தில் கேளுங்க. 2024 அக்டோபரில் ரோமில் முடிந்த ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணமும் நிதிக்குழு ஒழுங்காக இயங்குவதையும் ஆண்டுக் கணக்கு வெளியிடுவதையும் வலியுறுத்துகிறது. அதன் தமிழ் நகல் ஒன்றைக் கடிதத்தோடு இணைத்தால் தவறில்லை.

இனி நாள் கணக்கு. முறையான மனுவுக்கு மூன்று மாதத்தில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மறுத்ததாகவே கொள்ளலாம் என்கிறது 57. பங்குத்தந்தை எழுத்தில் மறுத்தால் நேராக ஆயரிடம் 15 நாளில் மேல்முறையீடு. ஆயரே ஆணை போட்டிருந்தால் வரிசை வேறு: முதலில் 10 நாளுக்குள் அவரிடமே ‘திருத்துங்கள்’ என்று எழுத வேண்டும், பிறகுதான் ரோமுக்கு. இந்த 10, 15 எல்லாம் செயல்பட முடிகிற நாள்களை மட்டும் எண்ணும் கணக்கு. நாள் தப்பினால் நியாயம் எவ்வளவு இருந்தாலும் மனு நிற்காது. வாய்ச்சொல்லுக்கு மேல்முறையீடு போட வழியில்லை என்பதால், “ஃபாதர், தாங்கள் சொன்னதை இரண்டு வரி எழுதிக் கொடுங்க” என்று பணிவாகக் கேட்பது முக்கியம். மொட்டைக் கடிதம் எழுதவே எழுதாதீங்க. ஒப்புகையோடு தபாலில் அனுப்பி, அந்தச் சீட்டைத் தேதிவாரியாகக் கோப்பில் குத்தி வையுங்க.

திருப்பூரிலிருந்து:

இங்கே பெரிய விஷயம் பனியன் கம்பெனித் தொழிலாளர்தான். தென்மாவட்டத்திலிருந்து வந்தவர்கள், ஜார்க்கண்ட், ஒடிசாப் பிள்ளைகள். குழந்தைக்கு ஞானஸ்நானம், கல்யாண ஓலை (கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) என்று போனால் “சொந்தப் பங்குக்குப் போங்க, கடிதம் வாங்கி வாங்க, பங்குக் குடும்பக் கார்டு இல்லையே” என்று திருப்பி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. சட்டத்தில் அப்படி இல்லைங்க. மூன்று மாதம் தங்கினாலோ, தங்கும் எண்ணத்தோடு வந்தாலோ தற்காலிக உறைவிடம் கிடைத்துவிடுகிறது (102). அந்த இடத்துப் பங்குத்தந்தைதான் அவர்களுக்கும் பங்குத்தந்தை (107). கல்யாணத்துக்கு இன்னும் தாராளம்: மாப்பிள்ளை, பெண் இருவரில் ஒருவர் ஒரு மாதம் அங்கே குடியிருந்தால் போதும் (1115).

செய்ய வேண்டியது இது. அறை வாடகைச் சீட்டு அல்லது கம்பெனி அடையாள அட்டை நகல், அன்பியப் பொறுப்பாளரின் ஒரு வரிச் சான்று, சேர்ந்த தேதி. மூன்றையும் ஒரே உறையில் வையுங்க. ஞானஸ்நானச் சான்று சொந்த ஊரிலிருந்து வர வேண்டியதுதான், அதைத் தவிர்க்க முடியாது. கல்யாணம் என்றால் அது ஆறு மாதத்துக்குள் எடுத்ததா என்று பங்கு அலுவலகத்தில் கேட்பார்கள், அதனால் முன்கூட்டியே எடுத்து வைத்துப் பழசாக்க வேண்டாம்.

பங்குச் சந்தா பாக்கி என்று மந்திரிப்பு (குருவின் ஆசீர்வாதம்) மறுப்பதும் உண்டு. நிர்ணயித்த காணிக்கைக்கு மேல் கேட்கக் கூடாது, ஏழ்மையால் யாருக்கும் அருளடையாளம் மறுக்கப்படக் கூடாது என்பது 848. அதைச் சண்டையாக்காமல், பாக்கித் தொகையைப் பேரவையில் தள்ளுபடித் தீர்மானமாக வைப்பது சீக்கிரம் முடிகிறது. கூட்டம் வைக்கும் நேரத்தையும் யோசியுங்க. சனிக்கிழமை சம்பள நாள், இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர் ஞாயிறு காலை 10 மணிக்கு வரமாட்டார். மாலை 4 மணிதான் சரி.

கோபி பக்கமிருந்து:

சப்பரம் காலனிக்குள் வர வேண்டும் என்ற கோரிக்கையை நாலு இடத்தில் பார்த்தாச்சு. அநேகமாகத் தோற்பது நேரத்தால்தான். கொடியேற்றத்துக்கு அப்புறம் கேட்டால், போலீசில் கொடுத்த மனுவில் போன வருசப் பாதையே இருக்கும், ‘வழக்கமான பாதை’ என்று முத்திரை விழுந்திருக்கும், அதை மாற்ற யாரும் துணியமாட்டார்கள். திருவிழாக் குழுவின் முதல் கூட்டத்திலேயே, உபயதாரரிடம் முன்பணம் வாங்குவதற்கு முன்னாலேயே பாதையை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

அடுத்த சாக்கு மின்கம்பி. சப்பரத்தின் உச்சி உயரம், வீதியின் குறுகலான இடத்து அகலம், கம்பியின் தாழ்வான உயரம், இந்த மூன்றையும் நாடா பிடித்து அளந்து தாளில் போடுங்க. மின்வாரியத்தில் அரை மணி நேரம் மின்தடை கேட்டு ஒரு மனு. அளவு கையில் இருந்தால் “போகாதுங்க” என்ற பேச்சு எடுபடாது. ‘காலனிக்குத் தனியா ஒரு சின்னச் சப்பரம்’ என்று சமாதானம் பேசுவார்கள், ஒத்துக்கொள்ளாதீங்க. அது பிரிவினையைக் கணக்கில் ஏற்றுவது.

“பரம்பரை வழக்கமுங்க” என்ற பேச்சுக்கு 24ஆம் எண்: நியாயமற்ற வழக்கம் சட்டமாகாது. எல்லாரும் சமம் என்பது 208. இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் முன்னேற்றக் கொள்கையின் நகலையும் சேர்த்துக் கொடுங்க. முதல் உபயத்தை அன்பியவாரியாகச் சீட்டுக் குலுக்கிச் சுழற்றுவது ஓரளவு ஓடுகிறது, ஆனால் அதைத் தீர்மான நோட்டில் ஐந்து வருட அட்டவணையாகவே எழுதிவிடணும். இல்லாவிட்டால் அடுத்த பங்குச் சாமியார் மாறி வந்ததும் பழைய குடும்பத்துக்கே திரும்பிவிடும்.

சேலத்திலிருந்து:

பெண்கள் விஷயத்தில் முகவரியை மாற்றிக் கேட்பதால்தான் பாதி மனு வீண். பெண்ணை நிலையான வாசகர் (பூசையில் மறைநூல் வாசிப்பவர்) பணியில் அமர்த்த 2021 ஜனவரியில் வழி திறந்தது, ஆனால் அமர்த்துபவர் ஆயர். பங்குத்தந்தையிடம் கேட்க வேண்டியது ஞாயிறு வாசக அட்டவணையில் இடம். பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கில் பெண்களும் உட்காரலாம் என்பது 2016 முதல். பீடச் சிறுமியர் (பூசையில் குருவுக்கு உதவும் சிறுமியர்) ஆயர் அனுமதிக்கு உட்பட்டது.

ஊனமுற்றோருக்குச் சாய்தளம் கேட்கும்போது ‘படிக்குப் பக்கத்தில் ஒரு பலகை’ என்று முடித்துவிடாதீங்க. ஒரு அடி ஏற 12 அடி நீளம் வேண்டும். ஆறு அங்குலப் படி மூன்று என்றால் 18 அடி. அகலம் நாலடி. நேர்வாசலில் அத்தனை இடம் இருக்காது, பக்கவாசலில் போட்டால் அந்தக் கதவு பூசை நேரம் முழுக்கத் திறந்திருக்க ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும்.

கரூரிலிருந்து:

குழந்தை மீதான பாலியல் குற்றம் காதுக்கு வந்தால் மேலே சொன்ன எந்த வரிசையும் கிடையாது. குழு கூடி விசாரிக்கக் கூடாது, பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேட்கக் கூடாது. 2012 போக்சோ சட்டம் 19ஆம் பிரிவுப்படி போலீசுக்குச் சொல்வது கட்டாயம், அவசர எண் 1098. ஆயர் இல்லத்துக்கும் தெரிவிக்கலாம், ஆனால் அது போலீசுக்குப் பதிலாகாது.

கோவை, ராமநாதபுரத்திலிருந்து:

ஒரு சின்னத் திருத்தம். நம் ஊரில் சீரோ மலபார் (கேரளத்துக் கீழைக் கத்தோலிக்கச் சபை) குடும்பங்களும் நிறைய. 2010 முதல் அவர்களுக்கு ராமநாதபுரத்தில் தனி மறைமாவட்டம். மேலே வந்த எண்கள் லத்தீன் சபைக்கானவை, அவர்களுக்கு 1990இல் வந்த கீழைச் சட்டத் தொகுப்பு. கையெழுத்துப் போடுகிறவர்களில் யார் எந்தச் சபை என்று பிரித்து இரண்டு கடிதமாகவே எழுதுங்க. ஒரே தாளில் கலந்தால் இரு ஆயர் இல்லங்களும் ‘எங்களுக்கு உரியதல்ல’ என்று திருப்பிவிடும்.