பட்ஜெட் கேமிங் கணினி: பாகம் வாங்கியபோது உங்களை ஏய்த்த எண் எது?

மஞ்சள்கம்பி:
ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு, ஆறு கோர் பிராசசர், மற்றதெல்லாம் வழக்கமானவை. பவர் சப்ளை மட்டும் கேபினட்டோடு சேர்ந்து வந்தது. மெனுவில் மணிக்கணக்கில் விட்டு வைத்தாலும் ஒன்றும் ஆகாது. ஆட்டத்துக்குள் போய் ஒரு குண்டு வெடித்தால் போதும். திரை, விசிறி, விளக்கு எல்லாம் ஒரே நொடியில் அணைந்துவிடும். நீலத் திரையும் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. விற்றவரிடம் கேட்டால் விண்டோஸை மறுபடி நிறுவச் சொன்னார். நிறுவிய பிறகும் அதே குண்டு, அதே இருட்டு.

கடைசியில் பவர் சப்ளையைக் கழற்றி, அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்த அட்டவணையைக் கைப்பேசி வெளிச்சத்தில் படித்தேன். மேலே கொட்டை எழுத்தில் 500 வாட். கீழே பொடி எழுத்தில், 12 வோல்ட்டுக்கு நேராக 20 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 240 வாட்தான் வருகிறது. கார்டு மட்டுமே 185 வாட் கேட்கும், பிராசசருக்கு 65. மிச்ச வாட்டெல்லாம் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கிடந்தது. பிராசசருக்கும் கார்டுக்கும் வேண்டியது 12 வோல்ட் அல்லவா? 500 என்று அச்சடித்தவர்களே 20 என்றும் அச்சடித்திருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். உங்களை ஏய்த்த எண் எது?

இரண்டாம்கை:
என்னுடையது 1050. பின்னால் 'டிஐ' என்றும் இருந்தது. பழைய கார்டு, பெட்டி இல்லை, விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. விண்டோஸிலும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி என்றுதான் காட்டியது. ஆனால் டிரைவரை நிறுவினால் திரை கறுத்துவிடும். என் அக்கா மகன் வந்தான், கணினியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தான். "மாமா, இதில் ஏன் விஜிஏ துளை இருக்கிறது?" என்றான். அந்த நீலத் துளையை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்! 10 வரிசைக் கார்டுகளில் என்விடியா, விஜிஏ-வுக்கு வேண்டிய அனலாக் வெளியீட்டையே எடுத்துவிட்டது. அந்தத் துளைக்கு அங்கே வேலையே இல்லை. ஜிபியு-இசட் போட்டுப் பார்த்தால் பெயருக்கு முன்னாலேயே 'போலி' என்று வந்தது. 2018-இலிருந்து அந்த மென்பொருள் இப்படிப்பட்ட கார்டுகளைக் காட்டிக்கொடுக்கிறது. உள்ளே இருந்தது 2010-இல் வெளிவந்த ஜிடிஎஸ் 450-இன் சில்லு. கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை மாற்றி எழுதி 1050 டிஐ ஆக்கியிருக்கிறார்கள். விற்றவர் அதற்குள் தொடர்பு எல்லைக்கு வெளியே போய்விட்டார்.

மஞ்சள்கம்பி, ஒன்று சொல்கிறேன்: 80 பிளஸ் கோல்டு முத்திரை இல்லாத பவர் சப்ளையைத் தொடவே தொடாதீர்கள்.

நாலாம்துளை:
கோல்டு பற்றி மேலே எழுதியிருப்பதை ஏற்க முடியாது. அந்த முத்திரை செயல்திறனுக்கு மட்டுமே. 20, 50, 100 சதவீதச் சுமைகளில் எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்று அளந்து கொடுக்கிறார்கள். மின்னழுத்தம் எகிறினால் பாகங்களைக் காப்பாற்றுமா, மின்தேக்கி எத்தனை ஆண்டு தாங்கும் என்பதற்கெல்லாம் அதில் பதில் இல்லை. 12 வோல்ட்டில் திடமாக உள்ள, வெண்கல (பிரான்ஸ்) முத்திரை பெற்ற நல்லது ஒன்று போதும்; மிச்சப் பணத்தைக் கார்டில் போடுங்கள்.

என் கதை சின்னது. நண்பர் ஒருவர், கிராபிக்ஸும் உள்ளேயே இருக்கும் 5600ஜி பிராசசர் போட்டு, 16 ஜிபி ரேமை ஒரே குச்சியாக வாங்கி வைத்துக்கொண்டு, ஆட்டம் திக்குகிறது என்று புலம்பினார். இரண்டு 8 ஜிபி குச்சிகளாக மாற்றியதும் புலம்பல் நின்றது.

இனி எல்லோருக்குமாகச் சொல்கிறேன். தனிக் கார்டு இல்லாத கணினியில் கிராபிக்ஸ் வேலைக்கும் ரேம்தான் நினைவகம். டிடிஆர்4 3200 ஒற்றைக் குச்சி நொடிக்கு 25.6 ஜிபி கடத்தும், இரண்டு போட்டால் 51.2. மதர்போர்டில் நாலு துளை இருந்தால் பெரும்பாலும் பிராசசர் பக்கமிருந்து இரண்டாவதிலும் நாலாவதிலும் செருகவேண்டும். பக்கத்துப் பக்கத்துத் துளைகளில் செருகிவிட்டு ஒன்றும் மாறவில்லை என்று எழுதாதீர்கள். அடுத்து, பெட்டியில் 3200 என்று இருக்கும். மதர்போர்டின் பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்காதவரை பல குச்சிகள் 2133, 2400 என்றுதான் ஓடும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை ஆண்டுக்கணக்கில் பூட்டி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கையில் பணம் குறைவு என்றால் 5600ஜி வாங்கி ஆடத் தொடங்குங்கள், கார்டைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

இருட்டுத்திரை:
'பிறகு சேர்த்துக்கொள்ளலாம்' என்பதில்தான் சிக்கல், நாலாம்துளை. 5600ஜி-யில் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 16 எம்பி, சாதாரண 5600-இல் 32. அதோடு, கார்டைப் பிராசசரோடு இணைக்கும் பிசிஐஇ பாதையில் 5600ஜி 3.0-ஐத் தாண்டாது. பிறகு மலிவாகக் கிடைக்கிறதே என்று 6500 எக்ஸ்டி-யைச் சேர்த்தால், அந்தப் பாதையில் அந்தக் கார்டு பயன்படுத்துவதே நாலு லேன் (தடம்) தான், 3.0-இல் அந்த நாலின் வேகமும் பாதியாகும். கார்டின் 4 ஜிபி நினைவகம் நிரம்பி வழியும்போது தெரியும் சேதி. கார்டு கட்டாயம் வரும் என்றால் 5600-க்கே போகலாம்.

அதற்காக என் சித்தப்பா மகனைப் போலச் செய்துவிடக் கூடாது. 12400எஃப் பிராசசர் வாங்கினான், கார்டு அடுத்த மாதம். பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, கீபோர்டில் விளக்கு எரிகிறது, மானிட்டரில் 'சிக்னல் இல்லை'. பார்க்க வந்தவர் மதர்போர்டு செத்துவிட்டது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். மாற்றிய போர்டிலும் அதே கதை. பிராசசர் பெயரில் கடைசியாக வரும் எஃப், உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்பதற்கான அடையாளம். எச்டிஎம்ஐ துளை மதர்போர்டில் அழகாக இருக்கும், அதற்குப் பின்னால் ஒன்றும் இராது.

மஞ்சள்கம்பி:
நான் கேட்டது எண். ரேமை எந்தத் துளையில் செருகுவது என்று யாரும் கேட்கவில்லை. எஃப் என்பது எண்ணே இல்லை, இருந்தாலும் கதைக்காக விட்டுவிடுகிறேன். இரண்டாம்கை, இப்போது என்னிடம் இருப்பது 550 வாட் பிரான்ஸ், 12 வோல்ட்டில் 45 ஆம்பியர். கோல்டு வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம்கை:
எனக்குக் கோல்டுதான். உங்களுக்கு எப்படியோ.

அறுபது:
144. அண்ணன் கணினி. மானிட்டரின் ஓரத்தில் '144 ஹெர்ட்ஸ்' (நொடிக்கு 144 முறை படம் மாறும்) ஸ்டிக்கரை இன்னும் உரிக்காமல் வைத்திருக்கிறார், வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். ஒருநாள் விண்டோஸில் மேம்பட்ட திரை அமைப்பைத் திறந்து பார்த்தேன். வாங்கிய நாளிலிருந்து 60-இல் ஓடிக்கொண்டிருக்கிறது. 144-க்கு மாற்றிவிட்டு மவுஸை வட்டமாகச் சுழற்றினேன். அம்பு வழுக்கிக்கொண்டு போனது. அண்ணன் பார்த்துவிட்டு, "முன்பும் இப்படித்தானே இருந்தது" என்றார். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

கேபிளை மாற்றுங்கள் என்று யாரும் எழுத வேண்டாம். டிஸ்பிளேபோர்ட்தான் போட்டிருக்கிறது, கார்டில்தான் செருகியிருக்கிறது.