புதுப்பிப்பு: கவிதை கேட்டு பிரெஞ்சு, மூன்று மாதம் கழித்து

புத்தகமே இல்லாமல், ஒலிப்பாடமும் பழைய கவிதையும் கேட்டே பிரெஞ்சு கற்க முடியுமா என்று போன இழையில் கேட்டிருந்தேன். முடிகிறது, ஆனால் ஒரு சிக்கல்.

1866-ல் வெளிவந்த, பிரெஞ்சுக் கவிஞர் வெர்லேனின் இலையுதிர்காலக் கவிதையைத்தான் தினமும் கேட்டேன். ‘லே சாங்லோ லோங் தே வியோலோங்’... அந்த மூக்கொலி பிடிபடவே இரண்டு வாரம் ஆனது. ‘ஒத்தொன்’ (இலையுதிர்காலம்) என்று காதில் விழுந்த சொல்லை எழுத்தில் (automne) பார்த்தால், நடுவே ஓசையில்லாத ஒரு ‘ம்’! முதலில் கண்ணால் படித்திருந்தால் அதையும் சேர்த்தே உச்சரித்திருப்பேன்.

சிக்கல் இதுதான். ‘துய்ன லாங்கேர்’ என்ற இடத்தில் அந்த ‘ன’ கவிதையில் தனி அசை. சாதாரணப் பேச்சில் வெறும் ‘துய்ன்’. நான் பேச்சிலும் இழுத்துக்கொண்டிருந்தேன். இப்போது காலையில் ஒலிப்பாடத்தை வாய்விட்டுத் திருப்பிச் சொல்கிறேன், கவிதை இரவில் மட்டும். இழுவை குறைந்துவருகிறது.