நாஷ்வில் ஆப்ரி ஹவுஸ் கொட்டகையாம்!

பாஞ்சோபாண்டி:
பக்கத்துத் திரியில அமெரிக்காவோட இசை ஊர் நாஷ்வில் பத்தி ஒரு அருள்வாக்கு: "நாஷ்வில் போனா ரைமன் அரங்கம் போதும், ஆப்ரி ஹவுஸ் மால் பக்கத்துக் கொட்டகை, அசல் கிடையாது." படிச்சதும் பத்திக்கிட்டு வருது. 1974ல ஆப்ரிங்கிற கன்ட்ரி மியூசிக் ரேடியோ நிகழ்ச்சி ரைமனை விட்டுக் கிளம்பினப்ப, பழைய மேடையிலேர்ந்து ஆறடி வட்டமா ஓக் பலகையை எடுத்து ஆப்ரி ஹவுஸ் புது மேடை நடுவுல பதிச்சாங்க. இன்னிக்கும் அதுமேல நின்னுதான் பாடறாங்க. இது அசல் இல்லன்னா எது அசல்?

ரைமன்ரசிகை:
அருள்வாக்கு சொன்னது நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். ரைமன் 1892ல பிரார்த்தனைக் கூடமா கட்டினது. இப்பவும் சர்ச் பெஞ்சுலதான் உட்காரணும். 1943லேர்ந்து 31 வருஷம் ஆப்ரி நடந்த இடம். பாடகர் எல்விஸ் 1954ல ஆப்ரில பாடினதும் அங்கதான். உற்சவரைத் தூக்கிட்டுப் போனா மூலவரும் கூடவே போயிடுவாரா?

பாஞ்சோபாண்டி:
மூலவரே அந்தப் பலகைதாம்மா! 2010 மே மாச வெள்ளத்துல மேடையே முழுகிச்சு. பலகை தப்பிச்சுது. சரிபண்ணித் திரும்பப் பதிச்சாங்க. உங்க ரைமன்ல மேடையையே 2012ல மாத்தியாச்சு. இப்ப சொல்லுங்க, அசல் யார்கிட்ட?

மெம்ஃபிஸ்மாப்ள:
எல்விஸ்னா மெம்ஃபிஸ்ல அவர் வீடு கிரேஸ்லேண்டுக்கு வாங்கப்பா.

பாஞ்சோபாண்டி:
அது 200 மைல் தள்ளி இருக்கு மாப்ள. அவர் 200 பாட்டுக்கு மேல பதிவு பண்ணின ஸ்டூடியோ பி எங்க ஊர்ல. அவரோட தங்கக் கலர் கேடிலாக் காரும் எங்க கன்ட்ரி மியூசிக் அருங்காட்சியகத்துல. நீங்க வீட்டைப் பாத்துக்கிட்டே இருங்க.

குழல்விளக்கு:
1897 கண்காட்சிக்கு ஏதென்ஸ் பார்த்தினான் கோயிலையே நகலெடுத்து, பின்னாடி உள்ளே 42 அடி அதீனா சிலை வச்சு, அதுக்குத் தங்கமும் பூசின ஊர் அய்யா இது. இங்க வந்து அசலைத் தேடறீங்களே!

ரைமன்ரசிகை:
பாண்டி சார், வெள்ளத்துல ஊறின பலகைக்கு இவ்வளவு வக்காலத்தா? நயாகரா திரியிலயும் கனடா பக்கம்தான் அசல்னு பத்து பக்கம் ஓட்டினவர்தானே நீங்க.

பாஞ்சோபாண்டி:
நயாகராவை ஏன் இழுக்கறீங்க? அங்கயும் நான் சொன்னதுதான் சரி. பலகைக்குப் பதில் சொல்லுங்க.

கருப்பட்டி:
ஒரு விஷயம். ஆப்ரியோட ஆரம்பகால நட்சத்திரம் டிஃபோர்ட் பெய்லி, மவுத் ஆர்கன் வாசிச்ச கறுப்பினக் கலைஞர். 1941லயே அவரை வெளிய அனுப்பிட்டாங்க. 2021ல திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க இசை அருங்காட்சியகம் ரைமனுக்கு எதிர்லயே இருக்கு. அங்க யாராவது போனீங்களா?

பாஞ்சோபாண்டி:
நல்ல தகவல். ஆனா பலகை?

சின்னப்பொண்ணு:
சனிக்கிழமை ரெண்டு வாண்டுங்களோட போறேன். எதைத்தான் பாக்கறது? அங்க பிராட்வே தெருவுல பாட்டு நடக்கற பார்ல நுழைய டிக்கெட் உண்டா?

குழல்விளக்கு:
பெரும்பாலும் கிடையாது. ஆனா பாடறவங்க பொழைக்கறதே டிப்ஸ்லதான், உண்டியல்ல போடுங்க. போன தடவை கூட வந்த ஒருத்தர் மூணு மணி நேரம் கேட்டுட்டு ஒரே ஒரு டாலர் போட்டார். பேர் சொல்ல மாட்டேன், இந்தத் திரியிலதான் இருக்கார்.

பாஞ்சோபாண்டி:
சில்லறை இல்லன்னு அன்னிக்கே சொன்னேன்! அதை விடுங்க. மேடைக்குப் பின்னாடி சுத்திக்காட்டற டூர்ல அந்த வட்டத்து மேலயே ஷூவோட நின்னு ஃபோட்டோ எடுத்திருக்கேன். நாளைக்கு ஏத்தறேன், அப்புறம் பேசுங்க.

ரைமன்ரசிகை:
ஷூவையாவது கழட்டியிருக்கலாம். மூலவர்னு சொன்னீங்களே.