கொலஸ்ட்ரோலுக்கு நடை மட்டும் போதுமா?

தலவாக்கலை தம்பி:
வயது 46. தோட்ட ஆபீஸில் கணக்கு வேலை. காலை எட்டுக்கு உட்கார்ந்தால் நாலரைக்குத்தான் எழும்புவேன். போன வாரம் வந்த ரிப்போர்ட்டில் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரோல்) 168, எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரோல்) 36, ட்ரைகிளிசரைட் (இரத்தத்தில் ஓடும் கொழுப்பு) 230. டொக்டர் மாத்திரை எழுதித் தந்து, தினமும் நடக்கவும் சொன்னார். என் அம்மா முப்பது வருஷம் கொழுந்துக் கூடையோடு மலை ஏறியவர். அவருக்கு இந்த வருத்தமே இல்லை. நானும் நடந்தே குறைத்துக்கொண்டால் மாத்திரை எதற்கு?

ஹட்டன் வாத்தியார்:
தம்பி, மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள். 52 வயதில் நானும் இப்படித்தான் நினைத்தேன். ஆறு மாதம் விடாமல் நடந்தேன். ட்ரைகிளிசரைட் 240இலிருந்து 170க்கு வந்தது, எச்.டி.எல். 37இலிருந்து 41 ஆனது. எல்.டி.எல்.? பத்துக்கூடக் குறையவில்லை. அதை இரத்தத்திலிருந்து எடுப்பது பெரும்பாலும் ஈரல்தான். மாத்திரை வேலை செய்வதும் அங்கேதான். நடக்கும்போது வேலை செய்வது தசை. இரத்தத்தில் ஓடும் ட்ரைகிளிசரைட்டை உடைத்து உள்ளே எடுக்கும் நொதி தசையில் கூடுகிறது. ஆனால் ஒருநாள் நடையின் பலன் ஓரிரு நாள்தான் நிற்கும். அதனால் ஞாயிறு மட்டும் மலை ஏறிவிட்டு மற்ற நாள் உட்கார்ந்திருந்தால் சரிவராது. வாரம் 150 நிமிஷம், அதாவது அரை மணி வீதம் ஐந்து நாள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். நம்முடைய ஏற்றத்தில் மெதுவாக நடந்தாலே அந்த மூச்சு வந்துவிடும். இறக்கத்தில் முழங்கால் கவனம். ஜூன், ஜூலை மழைக்கு நான் பள்ளிக்கூடப் படிக்கட்டில் ஏறி இறங்கினேன். மழையைச் சாக்குச் சொன்னால் இங்கே பாதி வருஷம் போய்விடும்.

பண்டாரவளை தாதி:
சேர் சொன்னது சரி. நடக்கும்போது நெஞ்சு இறுகினால் உடனே நின்று, அன்றே டொக்டரிடம் போங்கள். மாத்திரை தொடங்கிய பிறகு இரண்டு தொடையும் காரணமில்லாமல் வலித்தால் அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். தேத்தண்ணிக்குச் சீனியைக் குறையுங்கள், சாராயம் இருந்தால் அதையும். ட்ரைகிளிசரைட்டை இந்த இரண்டும் கூட்டும். அப்புறம் ஒரு கேள்வி. அம்மாவுக்கு எப்போதாவது சோதித்துப் பார்த்தீர்களா? கொலஸ்ட்ரோல் வெளியே ஒன்றும் காட்டாது.

தலவாக்கலை தம்பி:
இல்லை அக்கா, ஒரு தடவைகூட இல்லை. 68 வயதாகிறது, இதுவரை யோசிக்கவே இல்லை. திங்கட்கிழமை கிளினிக்குக் கூட்டிப் போகிறேன். மாத்திரை இன்று இரவே தொடங்குகிறேன். ஆபீஸிலிருந்து லயத்து வீட்டுக்கு ஏற்றம் இருபத்தைந்து நிமிஷம், நாளையிலிருந்து ஆட்டோ வேண்டாம்.